மேசைமேல் ஒரு போர்: விரலளவு வீரர்களுக்கு நிறம் பூசுவோர்

பெட்டியின் மூடியில் ‘வோர்ஹாமர் 40,000’ என்று எழுதியிருந்தது. லண்டனில் அக்கா வீட்டில், பெறாமகனின் அறையில் அதைக் கண்டபோது அந்த எண்ணிலேயே என் கண் நின்றுவிட்டது. இறுதிப் போரில் 40,000 வரையான பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்பதை மறுத்துவிட முடியாது என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் சொன்ன அதே எண். அவனுக்கு அது தெரியாது. அவனுக்கு அது கதை நடக்கும் காலம்; இன்றிலிருந்து ஏறத்தாழ 38,000 ஆண்டுகளுக்குப் பின்.

மேசையில் ஓர் அங்குலத்தைவிடச் சற்றே உயரமான உருவங்கள் வரிசையாக நின்றன. பச்சைத் தோல் கொப்ளின்கள், பருத்த கவசம் அணிந்த விண்வெளி வீரர்கள். பக்கத்தில் செல் விழுந்து இடிந்த கட்டடம் ஒன்று. சன்னம் துளைத்த ஓட்டைகளைக்கூட ஒவ்வொன்றாகக் குடைந்து, ஓரங்களில் கரி பூசியிருந்தான். அம்மா அந்த அறைக்குள் வரும்போது மட்டும் அதன்மேல் ஒரு துவாயைப் போட்டு மூடிவிடுவானாம். அம்மம்மாவுக்கு அதைப் பார்க்க விருப்பமில்லை என்ற அளவுக்கு அவனுக்குத் தெரிந்திருந்தது.

“ஏன் அப்பன் சண்டையை விளையாடுறாய்?” என்று கேட்டேன்.

“விளையாடுறது மாசத்தில ஒருநாள்தான் சித்தி. மிச்சமெல்லாம் பெயின்ற் பண்ணுறதுதான்” என்றான்.

அந்தப் பதிலை விளங்கிக்கொள்ளத்தான் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றித் தேடி வாசித்தேன்.

படைப் பயிற்சியிலிருந்து பொழுதுபோக்குக்கு

மேசைப் போர் விளையாட்டின் வேர் உண்மையான இராணுவத்தில் இருக்கிறது. பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824 இல் வெளியிட்ட விதிகள், வரைபடமும் தாயக்கட்டையும் கொண்டு அதிகாரிகளைப் பழக்கப் பயன்பட்டன. 1913 இல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வோர்ஸ்’ என்ற நூலில் பொம்மை வீரர்களைத் தரையில் நிறுத்தி விளையாடும் விதிகளைத் தந்தார். பொம்மைப் போரை விளையாடிப் பார்த்தவருக்கு உண்மைப் போர் எவ்வளவு மடைத்தனம் என்று விளங்கும் என்பது அவரது வாதம். அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் தொடங்கியது.

1970களில் பூதங்களும் மந்திரவாதிகளும் இந்த மேசைக்கு வந்து சேர்ந்தனர். 1975 இல் லண்டனில் தொடங்கிய கேம்ஸ் வேர்க்‌ஷொப் நிறுவனம் 1983 இல் வோர்ஹாமரையும், 1987 இல் அதன் விண்வெளி வடிவத்தையும் வெளியிட்டது. இன்று நொட்டிங்ஹாமில் இயங்கும் இந்த நிறுவனம், 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் முதல் 100 நிறுவனங்களின் பட்டியலில் சேர்ந்தது. முன்பு ஈயக் கலவையில் வார்க்கப்பட்ட உருவங்கள் இப்போது பெரும்பாலும் பிளாஸ்ரிக்கில் வருகின்றன.

நிழலையும் கையால் வரைதல்

பெரும்பாலான உருவங்கள் நிறமில்லாமல், துண்டுதுண்டாகத்தான் விற்கப்படுகின்றன. வெட்டியெடுத்து, அச்சு பொருந்திய இடத்திலுள்ள கோட்டைச் சுரண்டி, ஒட்டவேண்டும். பிறகு நிறம் பிடிக்க ஓர் அடிப்பூச்சு. அதன்மேல் தண்ணீர் கலந்த அக்ரிலிக் தீந்தையை மெல்லிய படைகளாகப் பூசவேண்டும். தடிப்பாகப் பூசினால் மூக்கும் வாயும் மூடுண்டுபோகும்.

அடுத்ததுதான் முக்கியம். இவ்வளவு சிறிய உருவத்தில் உடுப்பின் மடிப்புகளும் கன்னக் குழிகளும் தம்பாட்டில் போதிய நிழலைத் தருவதில்லை. எனவே நிழலையும் கையால் வரையவேண்டும். நன்றாக நீர்த்த கருநிறத்தைத் தடவினால் அது பள்ளங்களுக்குள் வழிந்து தங்கும். பின்னர் தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு, மிஞ்சிய வெளிர்நிறத்தை மேடுகளில் மட்டும் தேய்ப்பார்கள். கடைசியில் கண். ஒரு புள்ளிதான், ஆனால் அது சற்று விலகினாலும் உருவம் மாறுகண்ணாகிவிடும். பெறாமகன் ஓர் உருவத்துக்கு மூன்று, நான்கு மணித்தியாலங்கள் செலவிடுகிறான்.

எல்லாமே கொடூர வீரர்களும் அல்ல. பல்லுள்ள சிவப்புப் பந்துபோலத் துள்ளும் விலங்கின்மேல் ஏறி வரும் கொப்ளின்கள் உண்டு. எதிரிமீது கொதிக்கும் சூப்பை வீசும் குள்ளர்களின் கவண்கூட உண்டு. இந்தக் கோமாளித்தனம் ‘இது மெய்யல்ல’ என்பதை ஓயாமல் நினைவூட்டுகிறது.

எல்லோருக்கும் அது நினைவிருப்பதில்லை

வோர்ஹாமர் 40,000 இன் மனிதப் பேரரசு, வெறுப்பில் வாழும் ஒரு கொடுங்கோலாட்சி. அது நையாண்டியாகப் படைக்கப்பட்டது. ஆனால் சீருடையையும் கொடியையும் மெய்யாகவே வழிபடுகிறவர்களும் வந்து சேர்ந்தார்கள். 2021 இல் ஸ்பெயினில் நடந்த ஒரு போட்டிக்கு ஒருவர் நாசிச் சின்னங்களுடன் வந்ததில் சர்ச்சை எழுந்தது. அதன் பின்னர், தமது கதையிலுள்ள பேரரசு ஒரு நையாண்டியே என்றும், வெறுப்புக் குழுக்களுக்குத் தம்மிடம் இடமில்லை என்றும் நிறுவனம் அறிக்கை விட்டது.

எனக்கு இன்னொரு நெருடலும் உண்டு. இந்த மேசையில் பொதுவாகப் பொதுமக்கள் இல்லை. தறப்பாள் கொட்டில் இல்லை, பங்கருக்குள் பிள்ளையை அணைத்தபடி இருக்கும் தாய் இல்லை. ‘இறந்த’ வீரன் பெட்டிக்குள் போய் அடுத்த மாதம் திரும்பி வருகிறான். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தோடு தெருவோரத்தில் இருக்கும் ஒரு தாய்க்கு இந்த விளையாட்டை விளங்கப்படுத்த என்னால் முடியாது. அதை விளையாடவும் எனக்கு மனமில்லை.

ஆனால் நிறம் பூசுவது வேறு. போர் மனிதர்களை எண்ணிக்கையாக்கிவிடுகிறது. நம்மவர்களுடைய எண்ணிக்கைகூட இன்னும் சர்ச்சையில்தான் கிடக்கிறது. இந்தப் பிள்ளையோ, பெட்டியில் ஒரே அச்சில் வந்த இருபது உருவங்களில் ஒன்றுக்குக் கன்னத்தில் மச்சம் வைக்கிறான், இன்னொன்றின் காற்சட்டைக்கு ஒட்டுப் போடுகிறான். ஏனென்று கேட்டால், “எல்லாரும் ஒரே ஆள் மாதிரி இருக்கக்கூடாது” என்கிறான். அவன் போரை ரசிக்கிறான் என்று அதுவரை நினைத்திருந்தேன். புலம்பெயர்ந்த வீடுகளில் இப்படியொரு மேசையைக் கண்டு மனம் கலங்குகிற பெரியவர்களுக்குச் சொல்லக்கூடியது இதுதான்: திட்டுவதற்கு முன் பக்கத்தில் ஒருமுறை இருந்து பாருங்கள். பிள்ளை எதை ரசிக்கிறது என்று கேளுங்கள். அந்த இடிந்த கட்டடம் உங்களுக்கு என்னவாகத் தெரிகிறது என்பதையும், முடிந்தால், சொல்லுங்கள்.

நான் புறப்படுவதற்கு முதல்நாள் எனக்கும் ஒரு கொப்ளின் தந்தான். மூன்று தரம் அழித்து எழுதியும் கண் சரிவரவில்லை. அப்போது அம்மா உள்ளே வந்தா. அவன் அவசரமாகத் துவாயை எடுத்து மூடினான். அம்மா அதைப் பார்க்காததுபோல மேசைக்குக் கிட்ட வந்து, சூப்பு வீசும் குள்ளரில் ஒருவனைக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தா.

“இவன் என்னடா காய்ச்சுறான், கூழோ?”

“ஓம் அம்மம்மா” என்றான் அவன்.