தேயிலைப் பெட்டி

பெட்டி என்றதும் யாழ்ப்பாணத்தார் பனையோலைப் பெட்டியை நினைப்பர். மலைநாட்டார்க்கோ அது தேயிலைப் பெட்டியே. எமது இல்லத்தில் என் தந்தையாரின் நூல்கள் பழைய தேயிலைப் பெட்டி ஒன்றிலேயே இருந்தன. தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், தொடரிலக்கம், நிறை என்பன அதன் பக்கத்தில் கருமையாற் பொறிக்கப்பட்டிருந்தன. பெட்டியைச் செய்தவர் பெயர் மட்டும் அங்கே இல்லை.

அத்தொழிலைச் செய்வோரை யான் 1980ஆம் ஆண்டளவில், சிறுவனாயிருந்தபோது, ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையிற் கண்டேன். பெட்டி முழுமையாக அங்கு வருவதில்லை. ஒட்டுப்பலகைகள், மரச்சட்டங்கள், தகரப்பட்டிகள் எனத் தனித்தனியே வரும். முற்காலத்தில் யப்பானிலிருந்து 'மோமி' மரப் பெட்டிகள் வந்தன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கிந்தோட்டையிலே அரசாங்க ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை எழுந்தது.

தேயிலை ஈரத்தையும் பிறமணத்தையும் விரைவில் ஈர்ப்பது. ஆதலின் பச்சை மரமும் மணமுள்ள மரமும் ஆகா. உள்ளே முன்னர் ஈயத்தாளும் பின்னர் அலுமினியத்தாளும் இட்டனர். அறையும் ஆணி வழுவி உட்புறம் நீண்டால் தாள் கிழியும். கிழிசல் வழியே ஈரம் புகும். பல மாதம் பலர் உழைத்த உழைப்பு கடலிடையே பூஞ்சணம் பிடிக்கும். ஏறத்தாழ நூறு இறாத்தல் தேயிலையின் நலம் ஓர் ஆணியின் நேர்மையில் தங்கியிருந்தது. யான் கண்ட முதியவர் ஆணி அறைந்ததும் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்த பின்னரே அடுத்த ஆணியை எடுத்தார். வெறும் பெட்டியையும் நிறுத்து, அந்நிறையை அதன்மேற் குறித்தனர். மரத்தின் நிறையைத் தேயிலையின் நிறையாகக் கணக்கிடலாகாதன்றோ!

பின்னர் கடதாசிச் சாக்குகள் வந்தன, பெட்டித்தொழில் அருகியது. இதற்கு வருந்துவதா, மகிழ்வதா? எழுபதுகளில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜ வனத்து மரங்கள் வெட்டப்பட்டன. எதிர்ப்பெழுந்து அது நிறுத்தப்பட்டமையாலேயே, 1988இல் அவ்வனம் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. காடு பிழைத்தது நன்றே. அதன்பொருட்டுப் பெட்டி மறைந்ததையும் யான் குறைகூறேன்.

ஆயினும், தொழில் மறையும்போது அதன் சொற்களும் உடன்மறைதல் வேண்டுமா? அம்முதியவர் தம் கருவிகளை எவ்வப் பெயரால் அழைத்தார் என்று யான் அன்று கேட்டிலேன். இன்று கேட்க அவர் இலர். அத்தொழில் செய்தோர் சிலரேனும் இன்னும் நம்மிடையே உளர். மலைநாட்டு மாணவர்காள், அவர்களிடம் சென்று அச்சொற்களைக் கேட்டு எழுதிவைமின். சொன்னவர் பெயரையும் மறவாது குறிமின்.