511 ஐத் தேடும் பளிங்குகள்

சில மாதங்களுக்கு முன் பெரியம்மாவுக்கு பெட் ஸ்கான் எடுப்பதற்காகக் கொழும்புக்குக் கூட்டிச் சென்றிருந்தேன். ஊசி ஏற்றி முடிந்ததும், “தம்பி, என்ர உடம்புக்குள்ள இருந்தே கதிர் வருமோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். ஊசியில் போகும் மருந்து பொசித்திரன் என்ற துணிக்கைகளை வெளிவிடும். பொசித்திரன் ஒன்று இலத்திரனைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு காமாக் கதிர்கள் புறப்படும். ஒவ்வொன்றின் சக்தியும் 511 கிலோ இலத்திரன்வோல்ற்று. இலத்திரனின் திணிவே அந்த எண்ணைத் தீர்மானிக்கிறது.

இதே 511 எங்கள் பால்வீதியின் மையத்திலிருந்தும் வருகிறது. அங்கே அவ்வளவு பொசித்திரன்களையும் எது உண்டாக்குகிறது என்பது இன்றும் தீராத கேள்வி.

வளிமண்டலம் இந்தக் கதிர்களைத் தடுத்துவிடுவதால் கருவியை மேலே அனுப்பவேண்டும். 1970 களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆர்ஜென்ரீனாவிலிருந்து பலூனில் அனுப்பியது சோடியம் அயடைட்டுப் பளிங்கு. காமாக் கதிர் பட்டால் அது மினுங்கும். மினுக்கத்தின் அளவைக்கொண்டு சக்தியைக் கணிப்பார்கள். கிடைத்த விடை 473, கூடிக்குறையக்கூடிய அளவு 30. அது 511 தானா, வேறொன்றா? அந்தக் கருவியால் சொல்ல முடியவில்லை. 1977 இல் அவுஸ்திரேலியாவின் அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ஜேர்மானியப் பளிங்குடன் இன்னொரு பலூன் ஏறியது. இம்முறை விடை 510.7. சந்தேகம் தீர்ந்தது.

ஜேர்மானியம் ஒரு குறைகடத்தி. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இருவாயி ஞாபகம் வரும். இதுவும் அடிப்படையில் அதுதான், அளவில் மிகப் பெரியது. உள்ளே வரும் கதிர் தன் சக்தியில் ஏறத்தாழ 3 இலத்திரன்வோல்ற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இலத்திரன்களை விடுவிக்கும். 511 கிலோவுக்குச் சுமார் 170,000 இலத்திரன்கள். மினுங்கும் பளிங்கில் கடைசியில் எண்ணக் கிடைப்பவை சில ஆயிரம் மட்டுமே. எண்ணிக்கை கூடக்கூட வழு சுருங்கும்.

ஆனால் அறை வெப்பநிலையில் ஜேர்மானியத்தின் இலத்திரன்கள் வெப்பத்தாலேயே விடுபட்டுவிடும். கதிர் எது, இரைச்சல் எது என்று பிரிக்க முடியாது. அதனால்தான் ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 2002 ஒக்ரோபரில் ஏவிய இன்ரெகிரல் செய்மதியில் 19 ஜேர்மானியப் பளிங்குகளை மறை 190 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருந்தார்கள்.

குளிரூட்டுவதோடு பிரச்சினை முடியவில்லை. அண்டக் கதிர்களில் வரும் புரோத்தன்கள் மோதி, பளிங்கின் ஒழுங்கிலிருந்து அணுக்களை இடம்பெயர்க்கின்றன. அந்த வெற்றிடங்கள் ஏற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணிக்கை குறையும், கூரான கோடு வால் முளைத்து மங்கும். யாரும் போய்ப் பழுதுபார்க்க முடியாத இடம். எனவே ஆண்டுக்குச் சுமார் இருதடவை அவதானிப்பை நிறுத்தி, பளிங்குகளை ஏறத்தாழ 100 பாகைக்குச் சூடாக்கினார்கள். வெப்பத்தில் அணுக்கள் அசைந்து ஒழுங்குக்குத் திரும்பும். பிறகு மறுபடியும் குளிர். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வேலை இதுதான். இப்படி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டினார்கள். இடையில் நான்கு பளிங்குகள் செயலிழந்தன.

கடுங்குளிரே வேண்டாத வழியும் உண்டு. 2015 இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற இந்தியாவின் அஸ்ரோசாட்டில் கட்மியம், நாகம், தெலூரியம் சேர்ந்த பளிங்குகள் இருக்கின்றன: 64 தொகுதிகள், 16,384 படப்புள்ளிகள். இவற்றுக்கு அறை வெப்பநிலைக்குச் சற்றுக் குறைந்த குளிர் போதும். ஆனால் இலத்திரன் விட்டுச்செல்லும் துளைகள் இந்தப் பளிங்கில் சரியாக நகர்வதில்லை. பாதி வழியில் சிக்கிவிடும். தடிப்பும் 5 மில்லிமீற்றர்தான் என்பதால் சக்தி கூடிய கதிர்கள் ஊடுருவிப் போய்விடும். திடீர் காமா வெடிப்புகளைப் பிடிக்க இது நல்ல தெரிவு. 511 இன் கோட்டை நுணுக்கமாக அளக்க ஜேர்மானியத்தை விட்டால் இன்னும் வழியில்லை என்றே நினைக்கிறேன்.

இன்ரெகிரலின் அவதானிப்புகள் 2025 பெப்ரவரி 28 ஆம் திகதியோடு முடிந்தன. அது வரைந்த வரைபடத்தில் பால்வீதியின் நடுப்பகுதி பிரகாசமாகவும் தட்டுப்பகுதி மங்கலாகவும் தெரிகின்றன. பொசித்திரன்களை உண்டாக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட நட்சத்திர வெடிப்புகளோ தட்டில்தான் அதிகம். நாசா 2027 இல் ஏவத் திட்டமிட்டுள்ள கோசி செய்மதியில் 16 ஜேர்மானியப் பளிங்குகள் உள்ளன. அவற்றின் இரு முகங்களிலும் குறுக்கும் நெடுக்குமாக மின்வாய்க் கீற்றுகள் பதிக்கப்பட்டிருப்பதால், கதிர் உள்ளே எங்கே பட்டது என்பதையும் சொல்லும். அதற்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலைகளில் ஒன்று, அந்த வரைபடத்தை மீண்டும் வரைவது.