கைக்குள் வந்த கோபுரம் – 6
ஊர் விஷயம் ஊரோட

போன வாரம் கியூபாவில் விட்டோம். 2018 டிசம்பர் 6 அன்று அந்தத் தீவில் 3ஜி இணையம் முதன்முறையாக ஃபோனுக்கு வந்தது. 600 எம்பி ஏழு டாலர் விலை. அரசு வேலையில் இருப்பவரின் மாதச் சம்பளமே 30 டாலரைச் சுற்றித்தான். அந்த விலைக்கும் வாங்கினார்கள். அடுத்த மே மாதம், அரசு அமைப்பு ரத்து செய்துவிட்ட பால்புதுமையினர் பேரணியை ஃபோனில் சேதி சொல்லித் தாங்களாகவே ஹவானா தெருவில் நடத்தினார்கள். 2021 ஜூலை 11 அன்று தலைநகருக்கு வெளியே ஒரு சிறு நகரில் கிளம்பிய ஊர்வலத்தை நேரலையில் பார்த்த மற்ற ஊர்கள் அன்றைக்கே தெருவுக்கு வந்தன. அரசு இணையத்தை அறுத்தது.

இதைப் படித்துவிட்டு, “நம்ம ஊர்ல அப்படிக் கட்டுப்பாடெல்லாம் ஏது சார்?” என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்கள் தயவுசெய்து திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் ஏறி பிரம்மதேசத்தில் இறங்கிக்கொள்ளலாம். இன்னும் கிழக்கே போனால் உப்பளம், அதற்கும் அப்பால் கடல். நடுவில் உள்ள ஊர்களில் ‘ஊர்’ ஒரு பக்கம், ‘காலனி’ இன்னொரு பக்கம். கியூபாக்காரருக்குத் தடை போட்டது ஓர் அரசாங்கம். இங்கே சட்டம் எல்லாவற்றையும் அனுமதித்திருக்கிறது, அனுமதிக்காதது ஊர். ஊர்க்கூட்டம், தண்டம், ஒதுக்கிவைத்தல் எதற்கும் அரசாணை கிடையாது. ஆகவே ரத்து செய்யச் சொல்லிக் கேட்கவும் வழி கிடையாது. இந்தக் கட்டு நிற்பதே ஒரு வாசகத்தின் மேல்தான்: “ஊர் விஷயம் ஊரோட போவட்டும், பேசி முடிச்சிக்கலாம்.”

ஃபோன் இணையம் முதலில் கைவைத்தது இந்த வாசகத்தில்தான் என்பது என் கணிப்பு. கூட்டம் சேர்க்கிற சக்தியைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறோம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினா நிறைந்ததைப் பார்த்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்து நான்கே மாதம் ஆகியிருந்தது. அதுவரை ஒரு ஜிபிக்கு 250 ரூபாய் கேட்ட கம்பெனிகள் எல்லாம் விலையை இறக்கிக்கொண்டிருந்த நேரம். மெரினாக் கூட்டத்துக்கு அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மெரினாவில் கூடியவர்கள் வீட்டுக்குத் திரும்பியதும் ஊர் அவர்களை என்ன செய்துவிடும்? ஒன்றும் செய்யாது. காலனியில் இருப்பவர் ஒரு வீடியோவை வெளியே அனுப்பினால் மறுநாள் வயல் வேலை போகும், பால் ஊற்ற மாட்டார்கள், கடையில் சாமான் தர மாட்டார்கள். அந்தத் துணிச்சல் வேறு கணக்கு.

இதே விழுப்புரம் மாவட்டத்தில் இரண்டு ஏப்ரல்களை எடுத்துக்கொள்வோம்.

2013 ஏப்ரல் 25. மாமல்லபுரத்தில் சித்திரை முழுநிலவு விழா. அதற்குப் போய்க்கொண்டிருந்த பாமகவினருக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் மரக்காணத்தில் மோதல். தலித் குடியிருப்பில் வீடுகள் எரிந்தன. விழாவுக்குப் போனவர்களில் இரண்டு பேர் இறந்தார்கள். அன்று என்ன நடந்தது என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியவந்தது கட்சி அறிக்கைகளிலிருந்தும், போலீஸ் விளக்கத்திலிருந்தும், பிறகு வந்த உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகளிலிருந்தும்தான். வீடு எரிந்தவர் சொன்னதும் பிள்ளையைப் பறிகொடுத்தவர் சொன்னதும் யாரோ ஒருவர் எழுதிக்கொண்டு போய்ச் சேர்த்தால்தான் உண்டு. ஃபோன் அப்போதும் எல்லோர் கையிலும் இருந்தது. பேசத்தான் முடியும்.

2023 ஏப்ரல் 7. அதே மாவட்டம், மேல்பாதி. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் உள்ளே நுழைந்த தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். பழைய நாளாக இருந்தால் இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் கூடி, பையன்களைத் திட்டி, ஊரோடு முடித்திருப்பார்கள். காட்சி ஃபோன் ஃபோனாக வெளியே போய்விட்டது. ஆர்டிஓ முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது, ஒத்துவரவில்லை. ஜூன் 7 அன்று கோயிலுக்கு சீல் வைத்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் திறந்தார்கள். தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆனது, அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. இரண்டு வருஷம். வீடியோ பரவிய வேகத்துக்கும் கதவு திறந்த வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சேதி வெளியே போக ஒரு நிமிஷம் போதும். அதற்குப் பிறகு மனு, வழக்கு, வாய்தா என்று எல்லாம் பழைய நடைதான்.

இன்னொரு வேடிக்கை. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், பள்ளிக்கூடத்துத் தலித் பிள்ளைகளிடம் ஒரு கடைக்காரர் உங்களுக்குத் தின்பண்டம் கிடையாது, ஊர்க்கட்டுப்பாடு என்று சொல்லி அனுப்பினார். அதைப் படம் பிடித்துப் பரப்பியது அந்தக் கடைக்காரரே. தன் ஆட்களுக்குப் பெருமையாகக் காட்டத்தான் அனுப்பினார். அது வேறு கைகளுக்கும் போனது. கைது செய்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி சிலர் ஊருக்குள் வரக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. ஊர்க்கட்டுப்பாடு என்று ஒன்று இருப்பதாக எழுத்தில் ஒருநாளும் சாட்சி கிடைக்காது. போட்டவர் வாயாலேயே அது பதிவானது அங்கேதான்.

வீட்டுக்குள்ளும் ஓர் ஊர் இருக்கிறது. மரக்காணம் அளங்களில் உப்பு வாரும் பெண்கள் ஃபோனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். உப்புத்தண்ணி பட்டால் சார்ஜ் போடும் ஓட்டை முதலில் அரித்துப்போகும். ஆனால் அதில் பாதிக்கு மேல் பட்டன் ஃபோன். நெட் உள்ள ஃபோன் மகன் கையிலோ வீட்டுக்காரர் கையிலோ இருக்கும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய ஆண்கள் நாடு முழுவதும் 57 சதவீதம், பெண்கள் 33. தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிப்பேரைத் தொடவில்லை. குஜராத்தின் மேசாணா மாவட்டத்தில் சூரஜ் என்ற ஊர் 2016 பிப்ரவரியில் கூடி, கல்யாணமாகாத பெண் ஃபோன் வைத்திருந்தால் 2,100 ரூபாய் தண்டம் என்று முடிவெடுத்தது. துப்புக் கொடுப்பவருக்கு 200 ரூபாய் பரிசு. அந்த ஊர்ப் பெரியவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். ஃபோன் எதைக் கெடுக்கும் என்பதை நம் கட்டுரையாளர்களைவிட அவர்கள் துல்லியமாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

கெடுதலையும் சொல்ல வேண்டும். 2018 மே மாதத்தைப் பாருங்கள். அந்த மாதத் தொடக்கத்தில் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸப்பில் வதந்தி பரவியது. நமக்குப் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் பக்கம், குலதெய்வம் கும்பிடப் போன ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் குற்றம். பழவேற்காட்டிலும் ஒருவரைக் கொன்றார்கள். அடுத்த சில மாதங்களில் வாட்ஸப் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் சேர்ந்தாற்போல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் மாற்றியது.

அதே 2018 மே மாதம் 22, தூத்துக்குடி. உப்பு விளையும் இன்னொரு கரை. ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்பு ஊர்வலத்தின் மேல் போலீஸ் துப்பாக்கிச்சூடு. மொத்தம் 13 உயிர். மஞ்சள் சட்டையோடு வேன் மேலே ஏறிக் குறிபார்க்கும் ஆளின் காட்சி அன்று மாலைக்குள் தமிழ்நாட்டின் எல்லா ஃபோனிலும் இருந்தது. மறுநாள் 23ஆம் தேதி, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த அரசு உத்தரவு போட்டது. சொன்ன காரணம், வதந்தி. போளூரில் வதந்தி கொன்றபோது நிற்காத இணையம், தூத்துக்குடியில் படம் பரவியபோது நின்றது. இப்படி நிறுத்துவதற்கு அப்போது இருந்த விதிகள் 2017 ஆகஸ்டில் வந்தவை. காஷ்மீரில் இணையத்தை நிறுத்திய வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று, நிறுத்தும் உத்தரவை வெளியிட்டே ஆக வேண்டும், காலவரையின்றி நிறுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடு முழுவதும் எங்கே எத்தனை முறை நிறுத்தினார்கள் என்ற பதிவேட்டை எந்த மத்தியத் துறையும் வைத்திருக்கவில்லை என்று 2021 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு கண்டுபிடித்தது.

பெரிய போராட்டங்களைவிட எனக்கு ஆர்வமாக இருப்பது வேறொன்று. இந்தப் பக்கத்துக் காலனிகளில் அம்பேத்கர் மன்றம் நடத்தும் பையன்கள் இரவில் ஃபோனில் என்ன பார்க்கிறார்கள் தெரியுமா? அ-பதிவேடு. சர்வே எண் போட்டால் நிலம் யார் பெயரில், என்ன வகை, எவ்வளவு பரப்பு என்று அரசு தளத்தில் வந்துவிடும். முன்பு அதற்கு விஏஓவிடம் போக வேண்டும். அவர் யார் வீட்டுத் திண்ணையில் உட்காருவார் என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்டவன் வீடு திரும்புமுன் ‘இவன் நிலத்தைத் துருவுறான்’ என்ற சேதி ஊருக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். இப்போது யாருக்கும் தெரியாமல் பார்க்கலாம்.

தேடுவது பஞ்சமி நிலத்தை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமன்கீர் 1891இல் எழுதிய அறிக்கையால் ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் அது. 12 லட்சம் ஏக்கர் என்று தலித் அமைப்புகள் சொல்கின்றன. மற்றவர்களுக்கு விற்றால் செல்லாது. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் இரண்டு பேர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

ஃபோனில் தெரிவது 1980களின் யுடிஆர் நிலக் கணக்கெடுப்புக்குப் பிந்தைய பெயர். பஞ்சமி என்ற குறிப்பு பல இடங்களில் காணாமல் போனது அந்தக் கணக்கெடுப்பில்தான் என்பது இவர்கள் வாதம். அதை நிரூபிக்க வெள்ளைக்காரன் காலத்துப் பழைய பதிவேடு வேண்டும். அது இந்தத் தளத்தில் கிடைக்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவை எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, மரக்காணம் தாலுகா ஆபீஸ் தபால் பிரிவில் கொடுத்து ரசீது வாங்குகிறார்கள். அந்த ரசீதைப் படம் பிடித்து உடனே குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். மனு தொலைந்தது என்று அடுத்த மாதம் யாரும் சொல்லிவிடக்கூடாதே.

(தொடரும்)