பழனி மலைக் காபி: மர நிழலில் விளையும் ருசி... பாக்கெட்டில் மட்டும் பேர் இல்லை!

‘பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, சிக்கரி கொஞ்சம்...’ காபிக்கடையில் பொடி அரைக்கும்போது காதில் விழும் வார்த்தைகள் இவை. இதில் ஊர்ப்பெயர் ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா? பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதிலாக ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்தால் அது பீபெரி. கழுவிப் பதப்படுத்திய பெரிய கொட்டை பிளான்டேஷன் ஏ. சரி, இதெல்லாம் எந்த மலையில் விளைந்தது?

பெரும்பாலும் கர்நாடகம்தான். நாட்டின் காபியில் சுமார் 70 சதவீதம் அங்கே விளைகிறது. தமிழ்நாட்டின் பங்கு 5 சதவீதம் அளவுக்குத்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் ஒரு நல்ல சரக்கு இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில், கொடைக்கானலுக்குக் கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பக்கம் விளையும் அரபிகா காபி அது.

காபித் தோட்டம் என்றதும் தேயிலைச் சரிவு மாதிரி கற்பனை செய்ய வேண்டாம். இங்கே உள்ளே நுழைந்தால் காடுதான். மேலே பலாவும் சில்வர் ஓக்கும், அவற்றில் படர்ந்த மிளகுக்கொடி. கொஞ்சம் கீழே கல்யாண முருங்கை, ஆரஞ்சு, பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி மலைவாழை. இத்தனைக்கும் அடியில் காபிச் செடி.

இந்த நிழல் சும்மா அழகுக்கு இல்லை. வெயில் நேராக விழாததால் பழம் நிதானமாகப் பழுக்கிறது, கொட்டை கெட்டியாகிறது, ருசி ஏறுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு வெயில் படும் தண்டைத் தேடித்தான் முட்டையிடும். அதன் புழு உள்ளே குடைந்துவிட்டால் செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. ஆக, மேலே ஒரு மரத்தை வெட்டினால் கீழே பல செடிகளுக்கு ஆபத்து.

மழையும் கணக்காக வர வேண்டும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால் பத்து நாளுக்குள் மலையே வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை மாதிரி மணக்கும். அந்த மழை பொய்த்தால் அந்த வருஷ மகசூல் அடிபடும். அறுவடையோ வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிறது. சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறித்து, தோல் நீக்கி, நொதிக்கவிட்டுக் கழுவி, களத்தில் காயப்போட்டால்... மேலே மேகம். சரியாகக் காயாத கொட்டையில் பூஞ்சை வாடை ஏறிவிடும்.

இவ்வளவு பாடுபட்டு வரும் ருசி எப்படி இருக்கும்? ரோபஸ்டா மாதிரி முகத்தில் அறையும் கசப்பு இருக்காது. மென்மை, லேசான புளிப்பு, குடித்த பிறகும் நிற்கும் மணம். இந்த மலையில் காணப்படும் எஸ்.795 ரகம், 1940-களில் கர்நாடகத்தின் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. இலைத்துரு நோயைத் தாங்கவும் வேண்டும், ருசியும் வேண்டும் என்று பிறந்த ரகம் அது.

சிக்கல் என்னவென்றால், சிக்கரி கூடினால் இந்த நுணுக்கமெல்லாம் காணாமல் போய்விடும். காபி-சிக்கரி கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. பாக்கெட்டில் அந்த அளவை அச்சிட வேண்டும். மலையின் பேரை அச்சிட வேண்டிய கட்டாயமில்லை.

2019-ல் கூர்க், சிக்மகளூர், பாபாபுடன்கிரி, வயநாடு, அரக்கு என ஐந்து இந்தியக் காபிகள் ஒரே சமயத்தில் புவிசார் குறியீடு பெற்றன. அந்த ஐந்தில் தமிழ்நாட்டு மலை எதுவும் இல்லை. பேர் இல்லாத சரக்குக்குத் தனி விலை எங்கிருந்து வரும்? விலை இல்லாவிட்டால், நிழல் மரத்தைக் காப்பாற்ற விவசாயிக்கு என்ன ஆசை இருக்கும்?

ருசி பார்க்க நினைப்பவர்கள் சிக்கரி இல்லாமல் 100 கிராம் பழனி மலை அரபிகா கேட்டு வாங்கலாம். முதல் டம்ளரைப் பால் ஊற்றாமல் குடிப்பது நல்லது. டிகாக்‌ஷன் வழக்கம்போல் கறுப்பாக, கெட்டியாக இறங்காது. பொடி பழசு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். சிக்கரி இல்லாத காபியின் நிறமே அதுதான்.