நின்ற வண்டியும் கெட்ட பெட்ரோலும்

மாதக்கணக்கில் போர்டிகோவில் கிடந்த பைக்கைக் கிளப்ப வருகிறவர், எடுத்த எடுப்பில் கிக்கர் மேல் ஏறி நிற்பார். பத்து உதை வாங்கியும் வண்டி முனகவில்லை என்றால், சுற்றி நிற்பவர்களில் ஒருவர் பிளக்கைக் குறை சொல்வார், இன்னொருவர் பேட்டரியை. டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொல்பவர் அரிது. கைதேர்ந்த மெக்கானிக் அதிலிருந்துதான் தொடங்குவார். புது பெட்ரோல் மூக்கில் சுருக்கென்று ஏறும். பழையதைத் திறந்தால் பெயின்ட் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு புளித்த வாடை.

பெட்ரோல் என்பது ஏறத்தாழ நான்கு முதல் பன்னிரண்டு கார்பன் அணுக்கள் வரை கொண்ட நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் சிறிய மூலக்கூறுகள் சட்டென்று ஆவியாகும். ஆறிக் கிடக்கும் இன்ஜினில் பிளக் பொறி தட்டியதும் பற்றிக்கொள்வது அந்த ஆவிதான். வெயிலில் டேங்க் சூடேறும்போது மூடியின் காற்றுத்துளை வழியே அது வெளியேறுகிறது. இரவில் ஆறும்போது வெளிக்காற்று உள்ளே வருகிறது. மாதங்கள் போகப்போக, முதலில் பற்ற வேண்டிய பகுதி குறைந்துவிடும். மிஞ்சியதில் சில மூலக்கூறுகள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, வேலம்பிசின் போலப் பழுப்பாகத் தடிக்கின்றன.

டேங்கில் மெல்ல நடக்கும் இந்த வேலை கார்புரேட்டரில் சீக்கிரமே முடிந்துவிடும். அதன் அடிக்கிண்ணத்தில் நிற்பது கொஞ்சம் பெட்ரோல்தான். சில வாரங்களில் வற்றிப் பிசின் மட்டும் தங்கும். அங்கிருந்து பெட்ரோல் ஏறும் ஸ்லோ ஜெட்டின் துளையோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. “ஆக்சிலேட்டரத் திருகினா ஓடுது, விட்டா நின்னுடுதுண்ணே” என்று ஒர்க்‌ஷாப்பில் யாராவது சொன்னால், பெரும்பாலும் அடைத்திருப்பது இதுதான். மெயின் ஜெட்டின் துளை பெரியது என்பதால் வேகத்தில் வண்டி தப்பித்துக்கொள்கிறது. கம்பியை விட்டுக் குத்துவதுதான் இங்கே பெரிய பாவம். ஜெட் பித்தளையால் ஆனது. துளை ஒரு மயிரிழை அகன்றாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும்.

இப்போது பம்புகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. ஓரளவு வரை தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் அந்த எல்லை லிட்டருக்குச் சுமார் 5 மில்லி. தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் கூட்டாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். டேங்கிலிருந்து குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். காற்றின் ஈரம் மட்டுமே இவ்வளவு செய்வது அபூர்வம். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்து, மழைத்தண்ணீர் கசிந்து இறங்குவதே வழக்கமான கதை. கார்புரேட்டரின் ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் ஒரு கோடு விழுந்து தனி அடுக்கு தெரிந்தால், டேங்க் முழுவதையும் இறக்கியாக வேண்டும். அடுப்போ பீடியோ அருகில் இல்லாத இடத்தில்.

நல்ல பெட்ரோல் ஊற்றியாயிற்று என்றாலும் உதைக்க இன்னும் நேரம் வரவில்லை. சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் படலம் இதற்குள் கீழே வடிந்திருக்கும். வண்டி நிற்கும்போது ஏதாவது ஒரு வால்வு திறந்திருந்தால் ஈரக்காற்று உள்ளே போய், இரும்புச் சுவரில் துரு பூத்திருக்கும்; கடலோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்ளும். அந்த நிலையில் ஓங்கி உதைத்தால் பிஸ்டன் ரிங் துருவின் மேல் உரசிச் சுவரைக் கீறிவிடும். சாவியை அணைத்து வைத்து, பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஊற விடுங்கள். பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினால் பிஸ்டன் ஏறி இறங்குவது கைக்கே தெரியும். நடுவில் இறுகினால் பலம் காட்டாமல் மெக்கானிக்கை அழைப்பது உத்தமம். பிளக்கைத் திரும்ப மாட்டி, கிளட்சைப் பிடித்த பிறகும் இன்ஜின் சக்கரத்தை விடவில்லை என்றால், கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கிளட்சைப் பிடித்தபடியே கியரில் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். இதைக் கவனிக்காமல் ஸ்டார்ட் செய்து முதல் கியர் போட்டால், வண்டி கேட்டில் போய் முட்டும்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின், பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. இவற்றில் சாவியைத் திருப்பியதும், டேங்குக்குள் பம்ப் ஓரிரு விநாடி மெல்ல இரையும். அது கேட்காவிட்டால் பேட்டரியைப் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டியது 12-க்குக் கீழே போயிருந்தால், தட்டுகளில் ஈய சல்பேட் படிகங்கள் கெட்டியாகத் தொடங்கியிருக்கும். அடியோடு செத்த பேட்டரியை வைத்துக்கொண்டு இந்த வண்டிகளைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது பெரும்பாலும் வீண் வியர்வை. ஏர் ஃபில்டரில் எலிக்கூடு, சைலன்ஸர் வாயில் குளவிக்கூடு இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

வெளியூர் போகிறவர்கள் வீட்டில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போகும் ஒரு யோசனை உண்டு: வாரம் ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்வதன் கணக்கு அது. நன்றாகச் சூடேறிய வண்டியில் அது ஆவியாகப் போய்விடும். ஐந்து நிமிட ஐட்லிங்கில் சைலன்ஸருக்குள்ளேயே நீராகத் தங்கித் துருவைக் கிளப்பும். ஒரு பங்கு ஆயிலிலும் கலக்கும். அந்த வேகத்தில் பேட்டரிக்கும் பெரிதாகச் சார்ஜ் ஏறாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி வர ஆள் இருந்தால் சரி. இல்லாவிட்டால் டேங்கை நிரப்பி, கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் வற்றி இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு ஊருக்குப் போகலாம்.