வீட்டுக் கணிப்பொறியில் ஒற்று நிரல்கள்

ஒற்று என்றவுடன் இலக்கணம் பயில்வோர்க்குப் புள்ளி பெற்ற மெய்யெழுத்து நினைவுக்கு வரும். பொருட்பால் பயில்வோர்க்கோ வேந்தனின் கண்ணாக நின்று மறைவாய்ச் செய்தி திரட்டும் ஒற்றன் நினைவுக்கு வருவான். ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார் திருவள்ளுவர். இக்கட்டுரை அவ்விரண்டாம் பொருளைச் சார்ந்தது. ஆயின் இங்குக் கூறப்படும் ஒற்றன் மனிதன் அல்லன். நம் இல்லத்துக் கணிப்பொறியுள் நாம் அறியாமலே குடிபுகுந்து, நாம் காணும் இணையப் பக்கங்களையும் தட்டும் எழுத்துகளையும் எங்கோ இருக்கும் ஒருவர்க்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு சிறு நிரலே அது. ஆங்கிலத்தில் ஸ்பைவேர் என வழங்கும் இதனை ஒற்று நிரல் என்போம்.

வைரஸ் எனப்படும் நச்சு நிரலுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. நச்சு நிரல் தன்னைத் தானே படியெடுத்துப் பிற கோப்புகளுக்குப் பரவும். ஒற்று நிரலுக்குப் பரவுதல் நோக்கமன்று. புகுந்த இடத்தில் நெடுநாள் தங்குதலே நோக்கம். ஆகவே அதனை எழுதுவோர் தம் திறமையின் பெரும்பகுதியை, அது நீக்கப்படாமல் இருப்பதற்கே செலவிடுகின்றனர். அது பெரும்பாலும் நம் கையாலேயே உள்ளே வருகிறது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பாடல்களைப் பகிர்ந்துகொள்ளப் பலரும் நாடிய கசா என்னும் இலவச மென்பொருள், விளம்பர நிரல்கள் சிலவற்றையும் உடன் கொணர்ந்தது. இன்று அவ்விடத்தைத் திருட்டுப் பதிப்பு மென்பொருள்களும், உலாவியில் சேர்க்கும் துணை நிரல்களும், போலிப் புதுப்பிப்பு அறிவிப்புகளும் பிடித்துள்ளன.

ஒரு வீட்டின் கணிப்பொறி ஒருவர்க்கு மட்டும் உரியதன்று என்பதையும் இங்கு எண்ணுதல் வேண்டும். மகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பமும், வளைகுடா நாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கும், தாயின் மருத்துவ அறிக்கையும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. இளையவன் ஒரு விளையாட்டை இறக்கியதற்கு வீடு முழுவதும் விலை கொடுக்க நேரிடலாம்.

கணிப்பொறி மந்தமாகிறது, உலாவியின் முகப்புப் பக்கம் தானே மாறுகிறது, கேளாத விளம்பரங்கள் தோன்றுகின்றன. நாம் அக்கோப்பைக் கண்டுபிடித்து அழித்துவிடுகிறோம். மறுநாள் அது மீண்டும் அங்கேயே இருக்கிறது. வெட்ட வெட்டத் துளிர்க்கும் முருங்கைபோல் இது எவ்வாறு நிகழ்கிறது?

விண்டோஸ் இயக்க அமைப்பு தொடங்கும்பொழுது எந்தெந்த நிரல்கள் தாமே இயங்கவேண்டும் என்னும் குறிப்புகள் ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவகத்திலும், சேவைகளின் பட்டியலிலும், காலங்குறித்த பணிகளிலும் எனப் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கும். ஒற்று நிரல் இவற்றுள் ஒன்றில் அன்றிப் பலவற்றில் தன் பெயரை எழுதி வைக்கிறது. அன்றியும், இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை அழிக்க விண்டோஸ் இசைவதில்லை. நிரலை முதலில் நிறுத்தவேண்டும். நிறுத்தினாலோ, அதற்குத் துணையாக வேறொரு பெயரில் இயங்கும் இரண்டாம் நிரல் உடனே அதனை மீண்டும் எழுப்பிவிடுகிறது. இரண்டாவதை நிறுத்தினால் முதலாவது அதனை எழுப்புகிறது. இருவர் ஒருவர்க்கொருவர் காவல் நிற்கும் ஏற்பாடு இது.

இவ்வகைப் பிடிவாதத்திற்குப் பெயர்பெற்றது 2003ஆம் ஆண்டில் பரவத் தொடங்கிய கூல்வெப்சர்ச். அதன் தொடக்ககால வகைகளுள் ஒன்று, உலாவியின் பக்கத் தோற்றத்தை வரையறுக்கும் கோப்பினுள் ஒளிந்திருந்தது. எழுத்துகளைத் தட்டும்பொழுது அவை மெல்ல மெல்லத் திரையில் தோன்றுவதே பலர்க்கு அதன் முதல் அறிகுறி. பின்னர் வந்த வகைகள், எந்த நிரல் தொடங்கினாலும் அதனுடன் தாமும் ஏறிக்கொள்ளும் இடத்தைப் பதிவகத்தில் பிடித்துக்கொண்டன. நெதர்லாந்து நாட்டு மாணவர் மெரைன் பெலகோம் என்பவர் இதனை நீக்குவதற்கென்றே சி.டபிள்யூ.ஷ்ரெடர் என்னும் சிறு மென்பொருளை எழுதினார். அவர் எழுதிய ஹைஜாக்திஸ் என்னும் மற்றொரு கருவி, தானே இயங்கும் நிரல்களின் குறிப்புகளை ஒரே பட்டியலாகத் திரட்டித் தந்தது. பின்னாளில், 2007இல், ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் அக்கருவியை வாங்கிக்கொண்டது. ஒரு மாணவரின் கைவேலைக்கு உலகெங்கும் வீட்டுக் கணிப்பொறிகள் கடன்பட்டிருந்தன என்பதை நம் மாணவர்கள் கருதிப் பார்க்கலாம்.

ஹைஜாக்திஸ் நல்லது இது, தீயது இது என்று தீர்ப்புக் கூறுவதில்லை. இருப்பதைக் காட்டும், அவ்வளவே. பட்டியலைப் புரிந்துகொள்ளாமல் எல்லாவற்றையும் நீக்கியவர்கள் அச்சுப்பொறியையும் ஒலியையும் இழந்ததுண்டு. இணையத் தரவு செல்லும் வழியில் சங்கிலிக் கண்ணிபோல் தம்மைப் பொருத்திக்கொள்ளும் சில ஒற்று நிரல்களின் கோப்பை மட்டும் அழித்தால், சங்கிலி அறுந்து இணைய இணைப்பே நின்றுபோகும்.

ஆகவே நீக்கும் பணிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலாவதாக, இணைய இணைப்பைத் துண்டிக்கவேண்டும். ஒற்றன் செய்தி அனுப்புவதும், அழிந்த உறுப்பை மீண்டும் இறக்கிக்கொள்வதும் அதனால் தடைப்படும். பின்னர் நம் ஆவணங்களையும் நிழற்படங்களையும் மட்டும் வேறொரு சேமிப்புக் கருவியில் படியெடுக்கவேண்டும். நிரல்களைப் படியெடுத்தல் ஆகாது. அடுத்து, இன்றியமையாத நிரல்கள் மட்டுமே இயங்கும் சேஃப் மோடு என்னும் நிலையில் கணிப்பொறியைத் தொடங்கவேண்டும். பல ஒற்று நிரல்கள் அங்கு எழுவதில்லை. எழுந்தாலும் வழியுண்டு. மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்னும் கருவியில், ஒரு நிரலைக் கொல்லாமல் உறங்கவைக்கும் வசதி உள்ளது. காவல் நிற்கும் இரண்டையும் முதலில் உறங்கவைத்துவிட்டால், ஒன்று மாண்டது மற்றொன்றுக்குத் தெரியாது. அதன்பின் இரண்டையும் நிறுத்தி, ஆட்டோரன்ஸ் என்னும் கருவியின் வழியே அவற்றின் தொடக்கக் குறிப்புகளை நீக்கி, இறுதியாகவே கோப்புகளை அழிக்கவேண்டும். பெரும்பாலோர் இறுதியில் செய்யவேண்டியதை முதலில் செய்வதால்தான் அது மீண்டு வருகிறது.

கணிப்பொறியின் கண்ணையே கட்டிவிடும் ஒற்றும் உண்டு. ரூட்கிட் என்பது அதன் பெயர். எந்தெந்தக் கோப்புகள் உள்ளன என்று விண்டோஸைக் கேட்டால், இடையில் நின்று தன் பெயரை மட்டும் விடுத்து மற்றவற்றைச் சொல்லும்படி அது செய்துவிடும். 2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்னும் வல்லுநர், தம் சொந்தக் கணிப்பொறியில் இத்தகைய ஒன்றைக் கண்டதாக வெளியிட்டார். அவர் விலை கொடுத்து வாங்கிய சோனி பி.எம்.ஜி. நிறுவனத்தின் இசைத்தட்டே அதனைக் கொணர்ந்திருந்தது. படியெடுப்பதைத் தடுப்பதற்கென ஐம்பதுக்கும் மேற்பட்ட இசைத்தொகுப்புகளில் அது சேர்க்கப்பட்டிருந்தது. கையால் அழித்தால் குறுந்தட்டு இயக்கி செயலிழந்தது. நிறுவனம் முதலில் வழங்கிய நீக்கு கருவியோ, தீயோர் நுழைவதற்குப் புதியதொரு வாயிலைத் திறந்து வைத்ததாகப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் காட்டினர். அடுத்த மாதமே இசைத்தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன.

ருசினோவிச் அதனைக் கண்ட முறை தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்து ஏற்கவேண்டும் என்பது ஒற்றாடல் அதிகாரத்தின் எட்டாம் குறள் கூறும் நெறி. அவரும் அவருடைய கூட்டாளியும் எழுதிய ரூட்கிட் ரிவீலர் என்னும் கருவி அதையே செய்தது. விண்டோஸ் கூறும் கோப்புப் பட்டியலையும், வட்டை நேரடியாகப் படித்துத் தான் திரட்டிய பட்டியலையும் ஒப்பிட்டது. இரண்டாவதில் இருந்து முதலாவதில் இல்லாதது எதுவோ, அதுவே மறைக்கப்பட்டது.

இக்கருத்தின் இன்றைய வடிவம் நம் வீட்டிலேயே உள்ளது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுடன் வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் என்றொரு தேர்வு உண்டு. அதனை அழுத்தினால் கணிப்பொறி அணைந்து, விண்டோஸ் எழாத நிலையில் தொடங்கி, ஏறத்தாழக் கால்மணி நேரம் வட்டைச் சோதிக்கும். ஒற்றன் உறங்கும்பொழுது வீட்டைச் சோதிப்பது போன்றது இது. மேற்கூறிய கைவேலைகளில் பழக்கமில்லாதவர் இதிலிருந்தே தொடங்குதல் நன்று.

"உங்கள் கணிப்பொறியில் நூற்றுக்கணக்கான ஒற்றுகள் உள்ளன, உடனே பணம் செலுத்தி நீக்குக" எனத் திரையில் தோன்றும் அறிவிப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் அழுத்தலாகாது. வின்ஃபிக்ஸர் போன்ற போலி நீக்கிகள் இவ்வாறு அச்சுறுத்திப் பணம் பறித்தன. ஏமாந்தோர் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எனக் கூறி, 2008 டிசம்பரில் அமெரிக்க நடுவண் வணிக ஆணையம் அவற்றை நடத்தியோர்மீது நீதிமன்றம் சென்றது. கள்வனே காவலன் உடையில் வந்து கதவைத் தட்டிய கதை அது.

இவை எவற்றாலும் நீங்காத ஒற்றும் உண்டு. ஓரிரு நாள் முயன்று பார்த்தும் பயனில்லையெனில், வட்டை முழுவதும் ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே முறை; இதைத் தோல்வியாகக் கருதவேண்டியதில்லை. அதற்கான நிறுவல் கோப்பைப் பழுதற்ற வேறொரு கணிப்பொறியில் இறக்குதல் வேண்டும். புதிதாக நிறுவியபின்னும் ஒற்று மீண்டது கண்டு சிலர் திகைப்பதுண்டு. உலாவியில் நம் கணக்கின் வழியே உள்நுழைந்தவுடன், பழைய துணை நிரல்களும் அக்கணக்கிலிருந்து தாமே இறங்கிவிடுவது அதற்கொரு காரணம். ஆதலால் ஐயத்திற்குரிய துணை நிரலை முன்னதாகவே கணக்கிலிருந்து நீக்கிவிடவேண்டும்.

கடவுச்சொற்களை மாற்றுவதற்கு இப்பணி முடியும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. ஆனால் அதே கணிப்பொறியில் மாற்றினால் புதிய சொல்லும் ஒற்றன் கைக்கே போகும். பழுதற்ற வேறொரு கருவியில், முதலில் மின்னஞ்சலின் சொல்லையும், அடுத்து வங்கிக் கணக்கின் சொல்லையும் மாற்றவேண்டும். மின்னஞ்சல் முதலில் வருவதன் காரணம், மறந்த கடவுச்சொல்லை மீட்டுத் தருக என்று எக்கணக்கில் கேட்டாலும், அதற்கான கடிதம் பெரும்பாலும் அங்குத்தான் வந்து சேர்கிறது.