நூறு வயதுக் காருக்குப் புதுப் பாகம்

உங்கள் சைக்கிளின் பெடல் உடைந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? கடைக்குப் போய்ப் புதிது வாங்கி மாட்டுவீர்கள். எங்கோ ஒரு தொழிற்சாலை அந்தப் பெடலை இன்றும் செய்துகொண்டிருப்பதால்தான் அது கடையில் கிடைக்கிறது. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டு, உங்கள் தாத்தாவின் தாத்தா காலமே கடந்திருந்தால்?

அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற ஜே லெனோவுக்கு இப்படி ஒரு சிக்கல் வந்தது. பழைய கார்களைச் சேகரித்து, அவற்றைப் பழுதுபார்த்து ஓட்டுவதில் அவருக்கு அவ்வளவு ஆசை. அவரிடம் 1907-ல் செய்யப்பட்ட 'ஒயிட்' கார் ஒன்று இருக்கிறது. நீராவியால் ஓடும் கார் அது! கிளீவ்லாந்து நகரில் தையல் இயந்திரம் செய்துவந்த ஒயிட் குடும்பத்தார் உருவாக்கிய வகை. 1909-ல் அதிபர் டாஃப்ட் காலத்தில் வெள்ளை மாளிகையிலும் ஓர் ஒயிட் நீராவிக் கார் இருந்தது.

இந்தக் காரில், கொதிகலனுக்குப் போகும் தண்ணீரை முன்னதாகவே சூடாக்க ஒரு பாகம் உண்டு. எஞ்சினைத் தள்ளி முடித்து வெளியேறும் நீராவியில் இன்னும் வெப்பம் மிச்சமிருக்கும். அதை வீணாக்காமல் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டால் எரிபொருள் குறைவாகச் செலவாகும். லெனோவின் காரில் அலுமினியத்தால் ஆன அந்தப் பாகம் நூறு ஆண்டு உழைப்பில் அரித்து, நுண்துளைகள் விழுந்து போயிருந்தது. வெல்டிங் வைத்து அடைக்கலாமே என்று தோன்றும். ஆனால் உலோகத்துக்குள் எண்ணெய் ஊறியிருந்தது. வெல்டிங் சூட்டில் அது வாயுவாகி, வைத்த இடத்திலேயே குமிழ்களை உண்டாக்கிவிடும். ஆகவே, புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

முதல் வேலை அளவெடுப்பது. வெர்னியர் அளவியாலும் திருகு அளவியாலும் ஒவ்வோர் இடமாக அளக்கலாம். லெனோ 2009 வாக்கில் லேசர் ஸ்கேனரைப் பயன்படுத்தினார். அது பாகத்தின் மேல் லேசர் ஒளியை ஓட்டி, மேடு பள்ளங்களை எண்ணற்ற புள்ளிகளாகக் கணினியில் பதிந்துகொள்ளும். அதிலிருந்து பாகத்தின் முப்பரிமாண உருவம் திரையில் எழும்.

இங்கேதான் கவனம் வேண்டும், நண்பர்களே! ஸ்கேனர் பாகத்தை இன்றைய நிலையில்தான் பார்க்கிறது. தேய்மானத்தையும் அரிப்பையும் சேர்த்தே அளந்து தரும். அதை அப்படியே நகலெடுத்தால், புதிதாகத் தேய்ந்த ஒரு பாகம்தான் கையில் கிடைக்கும். நமக்கு வேண்டியது 1907-ல் இருந்த அளவு. அதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது; யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒரு துளையை அளக்கிறீர்கள். மேலிருந்து கீழாக 19.3 மில்லிமீட்டர், இடமிருந்து வலமாக 19.1 மில்லிமீட்டர். வட்டமாக இருக்க வேண்டிய துளை ஏன் நீள்வட்டமானது? அதற்குள் சுழன்ற தண்டு ஒரு பக்கமாக அழுத்தித் தேய்த்திருக்கிறது. அப்படியானால் குறைவாகத் தேய்ந்த திசையில் கிடைத்த 19.1 உண்மைக்கு அருகில் இருக்கும். இன்னொரு தடயமும் இருக்கிறது. அன்றைய அமெரிக்கப் பொறியாளர்கள் அங்குலத்தில்தான் வரைந்தார்கள். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். ஆக, அந்தத் துளை முதலில் முக்கால் அங்குலமாக இருந்திருக்க வேண்டும்! துளைக்குள் பொருந்தும் தண்டின் தேயாத முனையையும் அளந்தால் அது உறுதியாகிவிடும். துப்பறிவாளர் தடயங்களிலிருந்து நடந்ததை அறிவார் அல்லவா? பொறியாளர் தேய்மானத்திலிருந்து பழைய அளவை அறிகிறார்.

இப்படிக் கண்ட திருத்தங்களைக் கணினியில் உள்ள உருவத்தில் செய்துகொள்ளலாம். அடுத்து முப்பரிமாண அச்சு இயந்திரம். முறுக்கு உரலிலிருந்து மாவு வருவது போல, அதன் நுனியிலிருந்து உருகிய பிளாஸ்டிக் மெல்லிய இழையாக வரும். ஓர் அடுக்கின் மேல் இன்னோர் அடுக்காக அமர்ந்து, முழுப் பாகமும் பிளாஸ்டிக்கில் உருவாகும்.

பிளாஸ்டிக் நீராவியின் சூட்டைத் தாங்காது. அதனால் அதை மாதிரியாக வைத்து உலோகத்தில் வார்க்க வேண்டும். மாதிரியைச் சுற்றி ஈரமான களிமண் கலந்த மணலை இறுக்கி நிரப்புவார்கள். பிறகு மாதிரியை வெளியே எடுத்தால் மணலில் அதே வடிவில் பள்ளம் இருக்கும். அதில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். மாதிரியை எடுக்கும்போது மணல் சரியாமல் இருக்க, மாதிரியின் பக்கங்களைக் கொஞ்சம் சாய்வாக அமைப்பார்கள். பாகத்தின் உள்ளே வெற்றிடம் வேண்டும் என்றால், அந்த வடிவில் தனியாக ஒரு மணல் கட்டி செய்து அச்சுக்குள் வைப்பார்கள்.

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய நிலையில் அணுக்கள் விலகி அலையும். குளிர்ந்து இறுகும்போதும், இறுகிய பிறகு மேலும் குளிரும்போதும் நெருங்கி வரும். அதனால் உலோகம் சுருங்கும். 100 மில்லிமீட்டர் நீளத்தில் ஓர் அலுமினிய வார்ப்பு வேண்டும் என்றால், மாதிரியைச் சுமார் 101.3 மில்லிமீட்டர் நீளத்தில் செய்ய வேண்டும். வார்ப்பிரும்புக்கு ஏறக்குறைய 101 போதும். மாதிரி செய்பவர்கள் இதற்கென்றே தனி அளவுகோல் வைத்திருந்தார்கள். அதில் கோடுகள் சாதாரண அளவுகோலைவிடச் சற்றுத் தள்ளித் தள்ளி இருக்கும். அதை வைத்து அளந்து செய்தால் போதும், சுருக்கத்துக்கான கூடுதல் அளவு தானாகவே சேர்ந்துவிடும். எவ்வளவு அழகான யோசனை!

வார்த்து எடுத்த பிறகும் வேலை உண்டு. மற்ற பாகங்களோடு பொருந்தும் முகங்களைக் கடைந்து துல்லியமாக்க வேண்டும். அதற்காக அந்த இடங்களில் முன்பே கொஞ்சம் கூடுதல் உலோகம் விட்டிருப்பார்கள்.

இன்று உலோகத்தையே நேரடியாக அச்சிடவும் முடிகிறது. போர்ஷே 959 என்ற ஜெர்மன் காரில் மொத்தம் 292 மட்டுமே செய்யப்பட்டன. அதன் கிளட்சை விடுவிக்கும் நெம்புகோல் கிடைக்காமல் போனது. ஒரு சில நெம்புகோல்களுக்காகப் பழைய அச்சுகளை மறுபடி உருவாக்கினால் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே 2018-ல் அந்த நிறுவனம் எஃகுத் தூளை மெல்லிதாகப் பரப்பி, லேசரால் வேண்டிய இடத்தில் மட்டும் உருக்கி, அடுக்கடுக்காக அதைச் செய்தது. பிறகு ஏறக்குறைய 3 டன் பாரம் ஏற்றிச் சோதித்தது. கண்ணுக்குத் தெரியாத குறை உள்ளே இருக்கிறதா என்று ஊடுகதிர்களாலும் ஆராய்ந்தது. கிளட்ச் பழுதானால் ஓட்டுபவர் ஆபத்தில் சிக்குவார். பார்வைக்குச் சரியாக இருப்பது மட்டும் போதாது, வலிமையும் சரியாக இருக்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு சோதனை. களிமண்ணைப் பிசைந்து, ஒரு பாலித்தீன் தாளின் மேல் பட்டையாகத் தட்டுங்கள். ஊசியால் சரியாக 100 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் குத்துங்கள். நிழலில், அவ்வப்போது திருப்பிப் போட்டுக் காய விடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் இடைவெளியை அளந்து பாருங்கள். இங்கே சுருக்கத்துக்குக் காரணம் நீர் வெளியேறுவது. ஆனால் கணக்கு ஒன்றுதான்.

93 மில்லிமீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த பிறகு 100 இருக்க வேண்டும் என்றால் எவ்வளவில் தொடங்க வேண்டும்? 7 குறைந்ததால் 107 என்று சொல்லத் தோன்றும். 107-ல் தொடங்கினால் 99.5-தான் கிடைக்கும், ஏனென்றால் கூட்டிய 7-ம் சேர்ந்து சுருங்கும். 100-ஐ 93-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்: 107.5. உங்கள் களிமண்ணுக்கு வேறு எண் வரலாம். அந்த எண்ணைக் கண்டுபிடித்து, மறுபடி செய்து, காய்ந்ததும் சரியாக 100 வருகிறதா என்று பாருங்கள். வந்துவிட்டால், பழைய காருக்குப் பாகம் செய்பவர்களின் முதல் பாடத்தை நீங்கள் கற்றுவிட்டீர்கள்!